பிள்ளைக்குப் பதிலாகச் சீர்

சென்ற மாதம் ஒரு நாள் காலையில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கும்போது அரிசி மில்காரரிடமிருந்து போன் வந்தது. அலங்காநல்லூர் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு கிராமத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் பதினான்கு வருடம் தலைமை ஆசிரியையாக இருந்தேன். அந்த ஊரின் முக்கியமான ஆள் அவர். என் நலம், மகள் நலம், பேரன் நடக்கிறானா என்றெல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். மூடிய பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறக்கச் சொல்லி ஊரே சேர்ந்து கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறதாம். பழைய தலைமை ஆசிரியை என்கிற முறையில் என் கையெழுத்தும் இருந்தால் மனுவுக்குக் கனம் கூடுமாம்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வீட்டுக்காரர் பூட்டுக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். யாரிடம் இவ்வளவு கோபம் என்று கேட்டார். சொன்னேன். கேட்டது நல்ல காரியம்தானே என்றார். காரியம் நல்லதுதான். கேட்ட வாய்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தை அரசாங்கம் மூடிவிட்டது என்று அந்த ஊரில் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உத்தரவு போட்டது அரசாங்கம்தான். அந்த உத்தரவுக்கு ஊரே கூடிக் கொட்டு மேளத்தோடு வழி செய்து கொடுத்த கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.

நான் பட்டணத்துக்காரி. பழைய மதுரைக்குள் பள்ளிவாசல் தெருவில் பிறந்து, அங்கேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். பிறகுதான் கோச்சடையில் வீடு கட்டிப் போனோம். விடியற்காலைத் தொழுகை முடித்து, சோறாக்கி, தலையில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தால் வைகைப் பாலத்தைத் தாண்டி ஒன்பது மணிக்குள் பள்ளியில் இருப்பேன். கடிகாரத்தை வலக்கையில் கட்டுவது என் வழக்கம். எழுதும் கையில் கடிகாரம் கட்டினால் மணிக்கட்டு வலிக்காதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊருக்குள் என்னை எல்லாரும் டீச்சர் என்பார்கள், அதற்கு மேல் எதையும் துருவமாட்டார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளியில் அறுபதுக்கு மேல் பிள்ளைகள். பெஞ்சு கிடையாது, மின்விசிறி கிடையாது, மழை பெய்தால் மூன்றாம் வகுப்பை நாலாம் வகுப்போடு நெருக்கி உட்காரவைக்க வேண்டும். அப்போது ஊரில் பணமும் கிடையாது. பிறகு பைபாஸ் சாலை வந்தது. வாய்க்காலை ஒட்டிய வயல்களில் கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி, பிளாட் என்று பெயர் வைத்தார்கள். நாலு வருடத்தில் ஊர் அடையாளம் தெரியாமல் மாறியது. இரும்பு கேட், மாடியில் கைப்பிடிச் சுவருக்கு ஸ்டீல் குழாய், உறை போட்டு மூடிய கார். அரிசி மில்லில் நெல் அரைப்பது நின்று, மில் ஒரு கம்பெனிக்குக் குடோனாகப் போனது. அதற்குப் பிறகும் அவர் பெயர் மில்காரர்தான்.

நிலத்தை விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தண்ணீர் வராத வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள். எனக்கு எரிந்ததெல்லாம், இனி இப்படியேதான் இருக்கும் என்று அத்தனை பேரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டதுதான். இருபது வயதுப் பையன்கள் காலையில் குளித்து, பவுடர் போட்டு, பைபாஸ் டீக்கடையில் மதியம்வரை உட்கார்ந்திருப்பார்கள். என்ன தம்பி வேலைக்குப் போகலையா என்று கேட்டால், இன்னொரு துண்டு இருக்கு டீச்சர் என்று ரோட்டுப் பக்கம் கையைக் காட்டுவார்கள். அந்தத் துண்டு எத்தனை வருடம் சோறு போடும் என்று அந்த ஊரில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்க்கவில்லை.

கார் வந்த வீட்டுப் பிள்ளை ஒன்றியப் பள்ளிக்கு நடந்து வருவானா. மஞ்சள் வேன் வர ஆரம்பித்தது. முதலில் ஒன்று, பிறகு மூன்று. கழுத்தில் டை, காலில் ஷூ, காலை ஏழரைக்கே வேனுக்குள் தூங்கி வழிகிற முகங்கள். வருடாவருடம் ஜூன் மாதம் டி.சி. எழுதிக் கொடுத்தே என் கை ஓய்ந்தது. இதில் அரசாங்கத்தின் கூத்து தனி. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்கி, அந்தக் கட்டணத்தை அரசே கட்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் பள்ளியில் மிச்சமிருந்த நாலு நல்ல தலைகளும் அந்த வழியில் போயின. தன் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளையைப் பக்கத்து ஓட்டலுக்கு அனுப்பிப் பில்லையும் தானே கட்டுகிற குடும்பத்தை நான் அதுவரை கண்டதில்லை.

எங்களை மட்டும் சும்மா விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பிள்ளையின் ரத்த வகை, செருப்பு அளவு, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் கழிப்பறை போனார்கள் என்று எல்லாவற்றையும் போனில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாமல் நானும் உதவி ஆசிரியையும் போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடப்போம். காலை உணவுத் திட்டம் வந்தபோது மட்டும் மனதார வாழ்த்தினேன். சூடாக உப்புமா சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த பிள்ளையின் முகம் வேறு. ஆனால் அந்த உப்புமா வந்த வருடம் அதைச் சாப்பிட என்னிடம் இருந்தது ஒன்பது பிள்ளைகள்.

அந்த ஒன்பதில் ஏழு பேர் ஊருக்கு வெளியே இருக்கிற செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். மற்ற இரண்டு பேர் ஆடு மேய்க்கும் ஒருவருடைய இரட்டைப் பிள்ளைகள். சூளைப் பிள்ளைகளில் ஒரு பெண் இருந்தாள். அப்போது நாலாம் வகுப்பு. அவளைச் சேர்த்துவிட்ட தாய்க்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. அட்மிஷன் பதிவேட்டில் பெருவிரலை அழுத்திவிட்டு அந்த மையைச் சேலையில் துடைக்காமல், கையைத் தூக்கிப் பிடித்தபடியே வெளியே போனது நினைவிருக்கிறது. அவளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறவரை சூளை மண்ணில் கை வைக்காது. பக்கத்துப் பள்ளிக்கூடம் பைபாஸுக்கு அந்தப்புறம். அந்த ரோட்டில் பெரிய ஆட்களே இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டுதான் ஓடுவார்கள்.

எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை இணைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மூடுவது என்ற வார்த்தையை மேலே யாரும் சொல்வதில்லை, இணைப்பு என்பார்கள். எனக்குத் தூக்கம் போனது. கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலேயே போய் நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். வாடிவாசலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஒரு வாரத்தில் பணம் சேர்கிறது, உங்கள் தாத்தா இடம் கொடுத்துக் கட்டின பள்ளிக்கூடத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை சேரவில்லையே, வெட்கமாக இல்லையா என்றேன். நான் முடித்து மூச்சு வாங்கும்வரை மில்காரர் காத்திருந்தார். பிறகு எழுந்து, துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்க மக எங்கிட்டுப் படிச்சாக?"

பசுமலையில், இங்கிலீஷ் மீடியத்தில் என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், அந்த ஊருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அத்தனை பேர் முகத்தையும் பார்த்தபோது வரவில்லை. ஒருவராவது சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், நல்ல பள்ளிக்கூடமாச்சே என்றது. அது கிண்டல் இல்லை, மெய்யான பாராட்டு. அன்று என் வாய் அடைத்தது அதனால்தான். அரசாங்கச் சம்பளம் வாங்கி, அரசாங்கப் பள்ளியை நம்பாமல் பிள்ளையை வேறு இடத்தில் படிக்கவைத்தவள் நான். அப்போது எனக்கு ஒரு காரணம் இருந்தது. அவர்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருவர் காரணத்தை ஒருவர் கிளறாமல் விட்டோம்.

என் முகம் வாடியதைப் பார்த்து அவர்களுக்கே பாவமாகிவிட்டது. டீச்சரைச் சும்மா அனுப்பக்கூடாது என்றார்கள். அங்கேயே பேசி முடித்தார்கள். பிள்ளைகளைத்தான் தர முடியாது, பள்ளிக்கூடத்துக்குக் கல்விச் சீர் செய்துவிடலாம். பெண் கொடுத்த வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதைப் போலப் பள்ளிக்கும் தட்டு எடுத்துக்கொண்டு ஊர்வலமாகப் போவது இந்தப் பக்கம் பல ஊர்களில் நடக்கிறது. பக்கத்து ஊரில் போன வருடம் செய்திருந்தார்கள், செய்தித்தாளில் படம் வந்திருந்தது. நமக்கென்ன குறைச்சல் என்று ஒருவர் சொன்னதும் மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. நானும் தலையை ஆட்டினேன். பெஞ்சும் மின்விசிறியும் வந்தால் அதைப் பார்த்தாவது நாலு பேர் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள் என்று ஒரு நப்பாசை.

சீர் நாள் நோன்பு மாதத்தில் வந்தது. கோயிலிலிருந்து பள்ளிவரை தெருவைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். நாயனமும் தவிலும் முன்னால். அதற்குப் பின்னால் கோயில் காளை. அதற்குப் பின்னால் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி வந்தார்கள். வாழைப்பழம், தேங்காய், கற்கண்டு, அவற்றோடு நோட்டு, பென்சில், உலக உருண்டை, சுவர்க் கடிகாரம். டிராக்டரில் பெஞ்சுகள், பீரோ, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஸ்டீல் தண்ணீர் டிரம், மின்விசிறிகள். ஒரு பொருள்கூடப் பெயர் இல்லாமல் வரவில்லை. மின்விசிறி இறக்கைகளில்கூட மூன்று தலைமுறைப் பெயர். அதைக் கொடுத்தவர் பிற்பாடு எப்போது பள்ளிக்கு வந்தாலும், பெயர் தெரியவேண்டும் என்று விசிறியை நிறுத்தச் சொல்வார். பிள்ளைகள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நான் நோன்பு என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் கலர் பாட்டிலை என் முன்னால் நீட்டவில்லை. ஒரு அம்மாள் இரண்டு பழத்தையும் பேரீச்சையையும் தனியாகப் பொட்டலம் கட்டி என் பையில் வைத்தாள். அன்று மாலை அந்தப் பேரீச்சையால்தான் நோன்பு திறந்தேன். இவர்களை முழுதாக வெறுக்க முடியாமல் போனதற்கு இந்த மாதிரிக் காரியங்கள்தான் காரணம். வெறுக்க முடிந்திருந்தால் அன்று நடந்ததற்கு நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

செய்தித்தாள்காரர் கேமராவோடு வந்து நின்றார். வட்டாரக் கல்வி அலுவலர் வந்திருந்தார். மாலை மரியாதை முடித்துத் தட்டுகளை இறக்கி வைத்தாயிற்று. புதுப் பெஞ்சுகள் பதினைந்து, அவற்றில் என் பிள்ளைகள் ஒன்பது பேர். மில்காரர் அறையை எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. இம்புட்டு சீர் செஞ்சு, படத்துல பெஞ்சு காலியா வந்தா ஊரு மானம் என்னாகும் என்று என் காதோரம் சொன்னார். அன்று வேன் பள்ளிகளுக்கு விடுமுறை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாசலில்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யார் முதலில் சொன்னது என்று எனக்கு நினைவில்லை என்று எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். நினைவிருக்கிறது. சீருடை மிச்சம் இருக்குமே டீச்சர் என்று மில்காரர் கேட்டார். டி.சி. வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளுக்கு வந்த விலையில்லாச் சீருடைகள், திருப்பி ஒப்படைக்காமல் என் பழைய அலமாரியில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தவள் நான். அரைமணி நேரத்தில் முப்பது வேன் பிள்ளைகள் சீருடை மாட்டிப் பெஞ்சில் ஏறினார்கள். மடிப்புக் கலையாத துணி, எண்ணெய் தடவிய தலை, பளபளக்கிற ஷூ. பெஞ்சு நிறைந்தது. கேமராக்காரர் முன்வரிசையில் இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்றார். என் ஒன்பது பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். துவைத்துத் துவைத்து நைந்துபோன சீருடை, காலில் செருப்பில்லை. கொஞ்சம் ஓரமா நில்லுங்கப்பா, தட்டைப் பிடிச்சுக்கங்க என்று நானே அவர்களை நகர்த்தினேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். நகர்ந்தார்கள்.

மறுநாள் படம் வந்தது. முகம் முகமாய் நிறைந்த வகுப்பறை. ஊரே கொண்டாடியது. டீக்கடையில் அதை வெட்டி ஒட்டினார்கள். அடுத்த திங்கள்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். நல்ல மனிதர். இந்தப் பள்ளியைக் காப்பாற்ற அவர் வருடாவருடம் ஒரே காரணத்தைத்தான் எழுதிவந்தார். ஊரில் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள் இப்போது குறைவு, வரும் ஆண்டுகளில் கூடும், ஆகவே இந்தப் பள்ளி தொடரலாம். அந்தக் காரணத்தை நாங்களே படம் பிடித்துப் பொய்யாக்கியிருந்தோம்.

"பேப்பர்ல ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேரையும் வரிசையா உக்கார வச்சுக் காட்டிட்டீங்களேம்மா" என்றார். "ஊர்ல பிள்ளை இல்லைன்னு இனிமே நான் எப்படி எழுதுறது?"

அன்று அவர் அங்கே இருந்தாரே, பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்திருந்தார். ஒரு மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார், மேலே இருந்து கேள்வி வரும்வரை. கேள்வி வந்துவிட்டது. பிள்ளைகள் இருந்தும் இந்தப் பள்ளிக்கு அனுப்ப ஊருக்கு விருப்பமில்லை என்பது எங்கள் படத்திலேயே இருந்தது. சீருடையைப் பற்றி என்னிடம் தனியாக விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அந்தக் கோடை விடுமுறையில் இணைப்பு உத்தரவு வந்தது. பிள்ளைகள் பைபாஸுக்கு அந்தப்புறப் பள்ளிக்கு. நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது நகரத்துக்கு இந்தப்புறம் இன்னொரு பள்ளிக்கு.

உத்தரவைக் கேள்விப்பட்டு ஊர் திரண்டு வந்தது. போராடத்தான் வருகிறார்கள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர்கள் ஒரு குட்டியானை வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பள்ளிப் பொருட்கள் எல்லாம் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர் சீர் அடுத்த ஊருக்கா என்று ஒரே கொதிப்பு. கட்டிக்கொடுத்த பெண் வாழாமல் திரும்பினால் சீரைத் திருப்பி எடுப்பது வழக்கம்தானே என்று ஒருவர் எனக்கு நியாயம் சொன்னார். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் அரசாங்கச் சொத்து, தொட்டால் போலீசுக்குப் போவேன் என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. பீரோவை நாலு பேர் தூக்கினார்கள். மின்விசிறியைக் கழற்ற ஏணி வந்தது. எந்த வீட்டிலும் ஒரு குரல்கூட, பள்ளிக்கூடம் போகிறதே என்று எழவில்லை. சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அந்தச் சூளைப் பிள்ளையின் தாய் டி.சி. வாங்க வந்தாள். இடுப்பில் ஒரு கைப்பிள்ளை. ஓரமாக நின்று கூட்டம் கலையும்வரை காத்திருந்தாள். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் வைத்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்தாள். மூன்று மாதமாக வைத்திருக்கிறாள். சூளையில் எல்லாரிடமும் காட்டியிருக்கிறாள். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"எம்பிள்ள இதுல எங்கிட்டு டீச்சர் நிக்கிது?"

பின்வரிசையில் நிற்கிறாள், முன்னால் இருப்பவன் தலை மறைத்துவிட்டது என்றேன்.

"அம்புட்டுத்தானா" என்று சிரித்தாள். "நான் என்னமோன்னு நெனச்சேன்."

துண்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ரோட்டைத் தாண்டிப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் புதுப் பள்ளிக்கு நேரமாகும் என்றாலும் ஒரு வருடம் ஸ்கூட்டியில் நானே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. டி.சி.யில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டுதான், போன் வந்து நாலாம் நாள் அந்த ஊருக்குப் போனேன். மனுவில் கையெழுத்துப் போட அல்ல, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர. மில்காரர் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகில் 'பள்ளிக்கு அன்பளிப்பு' என்று பாதி அழிந்த எழுத்து. உட்காராமல் நின்றபடியே, இப்போது மட்டும் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டேன்.

மறைக்காமல் சொன்னார். பிளாட் விற்று வந்தது கல்யாணத்திலும் காரிலும் மாடியிலும் போய்விட்டது. ரோட்டோரத்தில் விற்க இனி துண்டு இல்லை. குடோன் எடுத்த கம்பெனி காலி செய்துவிட்டது. பையன்கள் டீக்கடையில்தான் இருக்கிறார்கள், இப்போது டீயைக் கடனுக்குக் குடிக்கிறார்கள். வேன் பள்ளியில் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, மூன்று வேன் ஒன்றாகிவிட்டது. பாதியில் நின்ற பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அரசாங்கம் இப்படிக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஏழைகள் என்ன செய்வது டீச்சர் என்றார். ஏழைகள் என்ற சொல்லை அந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. நாலு வருடம் முன்பு சொல்லியிருந்தால் ஒரு பள்ளிக்கூடம் பிழைத்திருக்கும் என்றேன். ஆமாம் என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அதில் ஒரு திருப்தியும் வரவில்லை.

மனுவைக் கொடுத்தார். பள்ளி எத்தனை சிறப்பாக நடந்தது என்பதற்கு ஆதாரமாக ஒரு படத்தையும் இணைத்திருந்தார்கள். அதே படம். செய்தித்தாள் துண்டு இல்லை, கேமராக்காரரிடம் வாங்கிய முழுப் படம், கலரில். இதில் நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் விரலை வைத்து வரிசையாகப் போனார். இது எம்பேரன், இது டிராக்டர்காரர் மகன், இது எங்க மச்சினன் பேத்தி. எல்லாம் வேன் பிள்ளைகள். படத்தின் ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது யார் கை டீச்சர்?"

செய்தித்தாளில் வெட்டிவிட்ட ஓரம் இந்தப் படத்தில் இருந்தது. அங்கே ஒரு கை, உள்ளங்கையை விரித்து யாரையோ பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. வலக்கை, மணிக்கட்டில் கடிகாரம். விரல்களுக்கு அப்பால் ஒரு தட்டின் விளிம்பும், அதைப் பிடித்திருக்கிற சின்ன விரல்கள் நாலும் தெரிந்தன. அவ்வளவுதான் அந்த ஒன்பது பேரில் படத்தில் வந்தது. என் கைதான் என்றேன். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சூளைப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்டேன். இரண்டு மாதம் ரோட்டைத் தாண்டிப் போனாள், பிறகு தாய்க்குப் பயம் வந்து நிறுத்திவிட்டாள், சூளையில்தான் இருக்கிறாள் என்றார். மனுவோடு வைத்திருந்த, சேரப் போகிற பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்தேன். சூளைப் பிள்ளை ஒன்றும் இல்லை. அவர்கள் ஊர்க்காரர்கள் இல்லையே என்றார். இந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் முதலில் வரட்டும், படத்தை எடுத்துவிடுங்கள், அப்படியென்றால் போடுகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, எண்ணிக்கைக்கு ஆகும் என்று ஒத்துக்கொண்டார். படத்துக்குப் பதிலாக வேறு படம் வேண்டுமே என்று தன் போனையும் எடுத்துக்கொண்டு என்னோடு சூளைக்குக் கிளம்பினார்.

சூளையில் பள்ளி வயதில் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். அன்று இடுப்பில் இருந்த கைப்பிள்ளையும் அதில் ஒருவன். தாய் என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்களாமே என்று முகமெல்லாம் சிரிப்பு. மகனின் பெயரைச் சொன்னாள், எழுதிக்கொண்டேன். பெரியவள் கொஞ்ச தூரத்தில் சுடாத பச்சைக் கல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள். ஐந்தாம் வகுப்புவரை உள்ள அந்தப் பள்ளி நாளைக்கே திறந்தாலும் அவளுக்கு இனி அதில் இடமில்லை. தம்பியைக் கூட்டிவரச் சொல்லித் தாய் கூப்பிட்டாள். பெரியவள் அவனைக் கொண்டுவந்து மற்ற மூன்று பேரோடு நிறுத்தி, மூக்கைத் துடைத்துவிட்டாள். என்னைப் பார்த்து, டீச்சர் என்று சிரித்தாள்.

மில்காரர் போனைத் தூக்கிப் படம் எடுக்கக் கண்ணைச் சுருக்கினார். அவ்வளவுதான், அவள் சட்டென்று இரண்டு அடி பின்னால் போய், படத்தில் விழாத தூரத்துக்கு ஓரமாக ஒதுங்கி நின்றாள். நான் கை நீட்டவே இல்லை.